சேற்றில் நின்ற பாய்ப்படகு

கொழும்பு
9-8-1936

அன்புள்ள மங்கைக்கு,

நான் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி? போன விடுமுறையில் கொண்டுவந்து தந்த தைலப் போத்தலைத் திறந்தாயா, அல்லது அது இன்னும் அலுமாரியில் அழகுக்கு நிற்கிறதா?

ஒரு நல்ல புதினம். எங்கள் துறைமுகக் கந்தோர்த் துரை மார்கழியில் சீமைக்குத் திரும்புகிறார். அவரிடம் இரண்டு சிறிய பாய்ப்படகுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுக்கானைப் பிடிக்க, நான் விளிம்பில் உட்கார்ந்து பாரம் கொடுப்பேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் நனைந்ததற்குப் பரிசாக, இரண்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள் என்கிறார். பங்குனி முடிய எனக்குப் பென்ஷன். பிறகு நம் மட்டக்களப்பு வாவி இருக்கிறது. அதை நாம் ஆறு என்று சொல்வதைக் கேட்டால் துரைக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும், எனக்கு அது ஆறுதான்.

ஒரு படகு டிங்கி. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். முழங்காலளவு தண்ணீரிலும் ஓடும். கொஞ்சம் காற்றுப் பிடித்தால் போதும், நெஞ்சு குளிரப் பறக்கும். காற்றுப் பலத்தால் ஒருவர் விளிம்பில் இருந்து பின்னால் சாயவேண்டும். சாயாவிட்டால் எல்லோருக்கும் குளிப்புத்தான். மற்றது ஏரா வைத்த படகு. ஏரா என்பது அடியில் நீளத்துக்கு ஓடும் மரம். அதில் இரும்பைப் பூட்டிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். ஆள் கொஞ்சம் தடிப்பு, நடையும் மெது. என் மனம் டிங்கியில்தான். உன் எண்ணத்தை எழுது.

உன் அன்பை மறவாத,
நல்லரத்தினம்


நாவற்குடா
21-8-1936

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தைலப் போத்தல் திறந்தாயிற்று. ஆனாலும் தரையில் குந்தி எழும்ப முடியவில்லை. அரிசி புடைப்பதும் கதிரையில், காய் வெட்டுவதும் கதிரையில். பெரிய வீட்டு அம்மாவைப் போல இருக்கிறேன், வேலை மட்டும் குறையவில்லை.

படகைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? பழுகாமத்தில் தம்பி வினாயகமூர்த்தி வீட்டுக்குப் போகத் தோணியில் ஏறினால், இந்தக் கரையில் மூடிய கண்ணை அந்தக் கரையில்தான் திறப்பேன். இந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் நடு ஆறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். விளிம்பில் இருந்து சாய ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் நான் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அத்தானுக்கு என்ன வந்த? இஞ்ச தோணி இல்லயா, தண்டு இல்லயா? காத்தப் புடிச்சிக்கிட்டு ஓடப் போறாராமா?" என்று சிரித்தான். அவனுக்கு ஆறு என்றால் அக்கரையில் இருக்கிற வயல் வட்டைக்குப் போகிற பாதை, அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். மழைக்காலம் வருகிறது, நெஞ்சில் சளி சேரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மங்கையற்கரசி


கொழும்பு
27-9-1936

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை, யோசனைதான். சளி இல்லை, நல்ல சுகம்.

ஏரா வைத்த படகையே எடுத்துக்கொள்கிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "டிங்கி டிங்கி என்று துள்ளினாயே" என்று கேட்டார். எனக்கும் இடுப்பு முன்போல் வளைவதில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. இதில் யாரும் விளிம்பில் தொங்க வேண்டியதில்லை. காற்று அடித்தால் கொஞ்சம் சாயும், பிறகு அடியில் இருக்கும் இரும்பு இழுத்து நிமிர்த்திவிடும். கவிழாது. துரையும் நானும் பாயின் நுனியைப் பிடித்து வேண்டுமென்றே சாய்த்துப் பார்த்தோம், பிடிவாதமாக எழும்பி நின்றது. உள்ளே முதுகு சாய்க்கப் பலகை உண்டு, கீழே கேத்தலும் கோப்பையும் வைக்கப் பெட்டி உண்டு. வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு போகலாம்.

குறையும் உண்டு. இடுப்பளவு தண்ணீர் இல்லாத இடத்துக்கு இது வராது. நம் ஆற்றில் பாதி இடம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. போகட்டும், மீதிப் பாதி போதும்.

மறந்துவிட்டேன். நீ இருக்கிற கதிரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்பு.

அன்புடன்,
நல்லரத்தினம்


நாவற்குடா
6-10-1936

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் இடுப்புக்கு என்ன? இவ்வளவு நாளும் சொல்லவில்லையே. வைத்தியரிடம் காட்டினீர்களா?

கதிரையை நூலால் அளந்து, அந்த நூலை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் புதுக் கதிரை செய்விக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். இருக்கிற கதிரையே நான் எழும்பினால் அழுகிறது.

இரும்பு கட்டிய படகு என்றதும் தம்பி தலையில் கை வைத்தான். "நம்மட ஆத்துச் சேத்துக்க அது எருமக்கடா மாதிரிப் படுக்கும். பொறகு ஆருகா தூக்கிற?" என்கிறான்.

மச்சான், ஒன்று கேட்கிறேன். கோபிக்க வேண்டாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் கொழும்பில், நான் இங்கே. விடுமுறைக்கு வருவீர்கள், கோழிக்கறி ஆக்குவேன், பெட்டி கட்டுவேன், ஸ்டேஷனுக்குக் கோச்சி ஏற அனுப்பிவைப்பேன். பிள்ளைகளும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி வந்தால் போகமாட்டீர்கள் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த பிறகும் நீங்கள் ஆற்றில், நான் கரையில் என்றால், நீங்கள் கொழும்பில் இருந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
மங்கையற்கரசி


கொழும்பு
22-11-1936

அன்புள்ள மங்கைக்கு,

நான் சுகம். வைத்தியர் இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, வயதுக்கு மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்.

துரை புறப்படுகிறார். அதனால் படகை இங்கே வைத்திருக்க இடமில்லை. தச்சனிடம் கொஞ்ச வேலை இருந்தது, முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சாமான் கோச்சியில் ஏற்றி அனுப்புகிறேன். எனக்கு லீவு கிடையாது. தம்பி வினாயகமூர்த்தி ஸ்டேஷனில் பொறுப்பெடுத்து, வண்டியில் கொண்டுவந்து, ஆழமான இடமாகப் பார்த்துக் கட்டிவைக்கட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன். கடிதத்தில் அது சரியாக வராது.

மழையில் நனையாதே.

அன்புடன்,
நல்லரத்தினம்


நாவற்குடா
15-12-1936

மதிப்புக்குரிய அத்தானுக்கு, வினாயகமூர்த்தி எழுதுவது.

அக்கா சுகம், நானும் சுகம். உங்கள் கப்பல் நேற்றுப் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் கப்பல் என்று எழுதுவது பகிடிக்கு அல்ல. ஒரு வண்டியில் அதன் தலையையும் மற்ற வண்டியில் வாலையும் ஏற்றி, நாலு மாடு கட்டி, கொட்டும் மழையில் கல்லடிப் பாலத்தால் கொண்டுவந்தோம். பாலத்தில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் பின்னுக்குப் போகவேண்டி வந்தது. "இது ஆர்ர கலியாணம்?" என்று ஒருவர் கேட்டார்.

இங்கே பெருவெள்ளம். ஆறு ஏறி அக்கா வீட்டு வளவின் கடைசித் தென்னை வரைக்கும் வந்து நிற்கிறது. ஆழமான இடத்தைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்திலேயே மாரளவு தண்ணீர். அந்தத் தென்னையில்தான் கட்டியிருக்கிறேன். அக்கா சமைத்தபடியே குசினி யன்னலால் பார்த்தால் தெரியும். இனி உங்களுக்கு ஒரு யோசனையும் வேண்டாம்.

எனக்குத்தான் யோசனை. பழுகாமத்து வட்டையில் வெள்ளாமை முழுக்கத் தண்ணீருக்குள். நாளை விடியப் போகிறேன்.

பணிவுடன்,
வினாயகமூர்த்தி


கொழும்பு
20-12-1936

அன்புள்ள தம்பி வினாயகமூர்த்திக்கு,

நீ பட்ட பாட்டுக்கு நன்றி. ஆனால் இந்தக் கடிதம் கண்டவுடன் படகை அவிழ்த்து, வெளியே ஆற்றின் நடுப்பக்கம் கொண்டுபோய் நங்கூரம் போடு. நீ கட்டியிருப்பது ஆற்றில் இல்லை, வெள்ளத்தில். வயல்காரர் போய் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டால் அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போய்விடும். படகு தென்னையடியில் நிற்கும்.

வெள்ளாமையைக் கடவுள் காக்கட்டும். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நல்லரத்தினம்


பழுகாமம்
3-1-1937

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வெள்ளாமை தப்பிவிட்டது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுதிய கடிதம் இங்கே வந்தபோது நான் வீட்டில் இல்லை. மேட்டை வெட்ட உத்தரவு வந்ததென்று படுவான்கரை வயல்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குப் போயிருந்தோம். மணல்மேட்டை முதலில் கொத்தியவர்களில் நானும் ஒருவன். வெட்டு வாயைப் பிளந்துகொண்டு தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தபோது எல்லோரும் கூவினோம், நானும் கூவினேன். சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், அந்த நேரத்தில் எனக்கு வட்டைதான் ஞாபகம். கப்பல் ஞாபகமே இல்லை.

திரும்பும் வழியில் அக்கா வளவுக்கு வந்து பார்த்தால் ஆறு அங்கே, படகு இங்கே. ஏரா சேற்றில் புதைந்து நிற்கிறது. சாயப் பார்த்ததாம். அக்கா அயலட்டையைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் தென்னங்குற்றி முட்டுக்கொடுத்து நிமிர்த்திவைத்திருக்கிறா. நான் வாய் திறக்க முதல், "கதைக்காத. போய் உன்ட வெள்ளாமயப் பாரு" என்றா. அதற்குப் பிறகு என்னோடு கதையே இல்லை. டிங்கி என்றால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டிருப்போம். இதை அசைக்க முடியவில்லை.

மன்னிக்கவும்.

வினாயகமூர்த்தி


கொழும்பு
30-1-1937

அன்புள்ள மங்கைக்கு,

படகு சேற்றில் நின்ற பிறகு உனக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை, பொங்கலுக்கும் ஒரு வரி இல்லை. உனக்குச் சுகமில்லையா? தம்பியோடு கோபமா, என்னோடா? படகு போனால் போகட்டும். நீ நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

நல்லரத்தினம்


நாவற்குடா
11-2-1937

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நல்ல சுகம். உங்களைச் சாப்பிடவிடாமல் செய்ததற்கு மன்னியுங்கள். கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, எழும்பிவிடுவேன்.

படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு மொய்த்துக் கடித்தது. தம்பியோடுதான் நான் கதைப்பதில்லையே, ஆகவே நானே ஒரு பெட்டியை வைத்து ஏறினேன். சேற்றில் நிற்கிற படகுக்கு எனக்கென்ன பயம்? ஏறும்போது இடக்கைக்கு ஒரு பிடி அகப்பட்டது. எனக்கு இடது முழங்கால்தான் நோவு என்று படகுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சிரட்டையால் அள்ளி ஊற்றினேன். களைத்து உள்ளே உட்காரும் பலகையில் இருந்தேன். இருந்த உடனே விளங்கிவிட்டது. முழங்கால் நோகவில்லை, கால் தொங்கவுமில்லை. பாதம் படகின் அடித்தளத்தில் படிந்து இருந்தது, என் கதிரையில் இருப்பது போல. சந்தேகம் தீர இறங்கிப் போய் நூல் எடுத்துக் கதிரையை அளந்து, திரும்ப ஏறிப் பலகையையும் அளந்தேன். ஒரு மயிரளவு வித்தியாசம் இல்லை.

அங்கேயே இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனால் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. காத்தான்குடி ஆயிஷா உம்மா புடவை விற்க வந்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, கப்பல் ஒடஞ்சிட்டா? ஏன் அழுறாய்?" என்று பதறிவிட்டார். அவரையும் ஏற்றி இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். இப்போது வருகிறபோதெல்லாம், "கப்பல்காரி, இண்டைக்கி எந்தத் துறைக்கிப் போறம்?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுகிறார். புடவை மூட்டையை நடுவில் அவிழ்த்துவைத்து இரண்டு பேரும் பின்னேரம் முழுக்க அதில்தான். அரிசி புடைப்பதும் அதில், காய் வெட்டுவதும் அதில்.

கதிரை உயரம் எதற்கு என்று அன்றைக்கே எழுதியிருக்கலாமே? வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஆனால் ஒன்று. சேற்றில் நிற்கும்வரைதான் இது எனக்குக் கதிரை. தண்ணீரில் விட்டால் நான் ஏறமாட்டேன். அதையும் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

உங்கள்,
மங்கையற்கரசி


கொழும்பு
17-2-1937

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் பிரித்தேன். பிறகு மத்தியானம் வரை நான் எழுதியது ஒன்றும் சரியில்லை. பக்கத்து மேசைக்காரர் காய்ச்சலா என்று கேட்டார்.

நான் ஆற்றில், நீ கரையில் என்றால் என்ன வித்தியாசம் என்று அன்று நீ கேட்டதற்கு இப்போது எழுதிவிடுகிறேன். டிங்கியில் நான் பறந்திருப்பேன், தனியே. நீ கரையில் நின்றிருப்பாய். அதை நினைத்துப் பார்த்த அன்றைக்கே டிங்கி எனக்குப் புளித்துவிட்டது. நீ வருவாய் என்று நிச்சயமாக நான் நம்பவில்லை. வந்தால் உனக்கு இருக்க இடம் வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். முன்பே எழுதினால் உன்னை நெருக்குவது போலாகும், ஆகவே எழுதவில்லை.

படகு அங்கேயே நிற்கட்டும், மங்கை. தண்ணீருக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. நான் வந்தபின் பின்னேரங்களில் நாம் இரண்டு பேரும் தென்னையடியில் அதில் இருந்து தேத்தண்ணீர் குடிப்போம். எனக்கு அது போதும். துரை கேட்டால் சிரிப்பார். அவர் சீமையில் இருக்கிறார், சிரித்தால் இங்கே கேட்காது.

தம்பியோடு கதை. பாவம்.

உன்,
நல்லரத்தினம்


நாவற்குடா
14-3-1937

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். உங்கள் இடுப்புக்கும் சேர்த்துச் சுகம் வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடி தம்பியோடு கதைத்தேன். அதுதான் பிழையாகப் போய்விட்டது. அறுவடை முடிந்த கையோடு, முகத்துவாரம் வெட்டிய அதே ஆட்களையும் அதே மண்வெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். "நான் வெட்டித்தானே தண்ணி போன. நானே வெட்டித் தண்ணிக்கிக் கொண்டுபோறன்" என்று, படகடியிலிருந்து ஆழத் தண்ணீர் வரைக்கும் வளவு முழுக்க வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டான். அத்தான் வேண்டாமென்று எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். கேட்கவில்லை. என் கத்தரிப் பாத்தியும் போயிற்று.

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் ஏறினபோது நான் படகில் இருந்து காய் வெட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, எறங்கு. இழுக்கப் போறம்" என்றான். இறங்கத்தான் எழும்பினேன். எழும்பினபோது நீங்கள் எழுதிய ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது: எனக்கு அது போதும் என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு காலம் கொழும்பில் கிடந்துவிட்டு, கடைசியில் தென்னையடியில் நிற்கிற படகு உங்களுக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை, மச்சான். திரும்ப இருந்துவிட்டேன். "இழுக்கிறெண்டா இழு. நான் எறங்க மாட்டன்" என்றேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

இழுத்தார்கள். ஒரு முறை சரிந்தது. இடப்பக்கத்துப் பிடியை நான் விடவில்லை. பிறகு நீங்கள் எழுதியதுபோலவே பிடிவாதமாக எழும்பி நின்றது. சேறு விட்டது, மெல்ல ஆடியது, வாய்க்கால் முடிந்தது. தம்பி தண்டு வலிக்க, நடு ஆறு வரைக்கும் போய் வந்தோம்.

கண்ணை மூடவில்லை. நடுவில் நின்று பார்த்தால் நம் எழுவான்கரையும் தம்பியின் படுவான்கரையும் இரண்டும் ஒரே தூரம். நம் வீடு அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. அந்த வளவில்தான் நான் இவ்வளவு காலமும் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று இருந்தது.

பாயும் காற்றும் உங்கள் வேலை, அதில் நான் தலையிடவில்லை. தம்பி தினமும் வந்து தண்டு வலிக்கிறான், ஒரு நாளும் முறையிடவில்லை.

பென்ஷனோடு நீங்கள் வருகிற அடுத்த மாதம் இரண்டாந்திகதி, காலைக் கோச்சியில் இறங்கியதும் வீட்டுக்கு வண்டி பிடிக்க வேண்டாம். கல்லடிப் பாலத்துக்கு வாருங்கள். பாய்மரம் பாலத்துக்குக் கீழால் போகாது, ஆகவே பட்டினப் பக்கத்துக் கரையில், பாலத்துக்குத் தெற்கே நில்லுங்கள். கேத்தலும் கோப்பையும் பெட்டியில் இருக்கும். கொஞ்சம் பிந்தினாலும் அங்கேயே நில்லுங்கள், வேறெங்கும் போய்விட வேண்டாம். நான் ஆற்றால் வருவேன். ஒரு தடவையாவது நீங்கள் கரையில் நின்று பாருங்கள்.

உங்கள்,
மங்கை